வாயே திறக்காத காற்று

அன்று காட்டில் பேய்க்காற்று வீசியது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. புதரில் பதுங்கியிருந்த சிறுத்தைக்கு ஒரே கொண்டாட்டம். இந்த இரைச்சலில் தன் காலடி எதிரே மேயும் மானுக்குக் கேட்காது. உடம்பு வாடை மட்டும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

“தம்பி, என் குட்டிகள் சாப்பிட்டு மூன்று நாளாச்சு. மான் பக்கமிருந்து என் பக்கமாகவே வீசு. நான் இங்கே இருப்பது அதற்குத் தெரியவே கூடாது” என்று காற்றிடம் கெஞ்சியது.

“என்னக்கா இப்படிச் சொல்லிட்டே? நான் மூச்சு விடுவேனா?” என்றது காற்று.

சொன்னபடியேதான் வீசியது. சிறுத்தை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. முப்பது அடி இருந்தது, இருபதானது, பத்தானது. மான் தலையே தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது.

காற்றுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்பேர்ப்பட்ட வேட்டை! முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் அக்கா இன்னும் வேகமாகப் பாய்வாளே! ஒரே ஓட்டமாகச் சுற்றிக்கொண்டு சிறுத்தையின் பின்னால் போய், தன் பலம் முழுவதையும் கூட்டித் தள்ளியது.

மானின் மூக்கு விடைத்தது. அடுத்த நொடியே அது நாலுகால் பாய்ச்சலில் பறந்தது. சிறுத்தையின் வாயில் புழுதிதான் மிஞ்சியது.

காற்று விடவில்லை. மானை விரட்டிப் பிடித்து, அதன் காதோரம் சீறியது:

“அக்கா அங்கே இருப்பதை எந்தப் பயல் உனக்குச் சொன்னான்? பேரைச் சொல், அவனை நான் சும்மா விடமாட்டேன்!”