மேல்மாடிக் குடித்தனம்

"வலது கை கையெழுத்துப் போடற கை. மூட்டை தூக்கறதுக்கு இல்ல."

இரண்டு பைகளையும் இடது கையிலேயே கோத்துக்கொண்டு விடுதியின் மாடிப்படி ஏறினாள் நாத்தனார். குடும்பத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். ஆனால் எவர் முகத்தைப் பார்த்தாலும் உடனே தீர்ப்பு எழுதிவிடுவாள். கல்யாணம் கிடையாது. வேலை பார்த்த காலமெல்லாம் வேறு ஊரில் தனி வீடு. சொந்தக்காரர்கள் வாசலோடு சரி.

பின்னால் மெதுவாக ஏறியவள் தம்பி மனைவி, பள்ளிக்கூட டீச்சர். புற்றுநோய்க்காக அவளுக்கு ஒரு பக்க மார்பை எடுத்து இரண்டு வருஷமாகிறது. வயிற்றுச் சதையை எடுத்து அந்த இடத்தில் புதிதாக மார்பு அமைப்பதற்காக இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள்.

கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் போறேன்" என்று ஜட்ஜம்மா தானாக முன்வந்தபோதே டீச்சருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயந்தது வீண்போகவில்லை. அறைக்கதவைச் சாத்தியதும் விசாரணை தொடங்கியது.

"தொப்பைய மேல்மாடிக்குக் குடி வெக்கறதுக்கா இவ்வளவு தூரம் ரயில் ஏறி வந்தோம்? உயிர் பொழச்சது போதாதா உனக்கு?"

"போர்டுல எழுதக் கையத் தூக்கினா, உள்ள வெச்ச பஞ்சு தோளுக்கு ஏறிடுது அண்ணி. பசங்க பாக்கறதுக்குள்ள சரி பண்ணிக்கணும். கூசிப் போயிடறேன்."

"உள்பாடியோட சேத்து ரெண்டு ஊக்கு குத்து. கீழ் ஓரமா குத்தணும், மேல குத்தினா நிக்காது. இதுக்குப் போய் ஆபரேஷனாம், ஆபரேஷன்!"

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவள் மார்பிலும் வயிற்றிலும் பேனாவால் அடையாளக் கோடுகள் போட்டார். ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"வீட்டு மனை அளக்கற மாதிரின்னா அளக்கறீங்க! இது எத்தன வருஷம் நிக்கும் டாக்டர்? சரிஞ்சு கிரிஞ்சு விழுந்துடாதே?"

"அவங்க சொந்தச் சதைதாம்மா. ஆயுசுக்கும் இருக்கும்."

"ஆயுசுக்கும் இருக்குமாம்!" என்று உதட்டைப் பிதுக்கினாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

மயக்கம் தெளிந்தபோது காதில் விழுந்த முதல் குரலும் அதுதான். தம்பிக்குப் போனில் செய்தி போய்க்கொண்டிருந்தது.

"உன் பொண்டாட்டி முழிச்சுட்டாடா. ஒண்ணும் ஆகல. மூஞ்சிதான் பூசணிக்கா மாதிரி ஊதிக் கெடக்கு."

புதுச் சதைக்கு ரத்தம் ஓடுகிறதா என்று நர்ஸ் அடிக்கடி வந்து ஒரு கருவியை வைத்துக் கேட்பாள். உஸ், உஸ் என்று சத்தம் வரும்.

"மேல்மாடிக்குத் தண்ணி ஏறுதாமா?" என்பாள் ஜட்ஜம்மா. பக்கத்துக் கட்டில்காரிகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

வயிற்றுத் தையல் இழுத்ததால் டீச்சரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. "கம்மலத் தொலைச்சவ மாதிரி நடக்கறா பாரு" என்று நடைபாதை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே ஜட்ஜம்மா கூட நடந்தாள்.

விடுதிக்குத் திரும்பிய பிறகும் அதே கதைதான். ரத்தநீர் வடிகிற குழாயைக் கவனித்தாள், தலை வாரிவிட்டாள், சாப்பாட்டை ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். எதையும் குத்திக்காட்டாமல் மட்டும் செய்யவில்லை.

"ராணியம்மாவுக்குச் சேவகம். யாருக்குக் காட்டப் போறாளோ!"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழாய்களை எடுத்து, கட்டையும் பிரித்த அன்று அறைக் கண்ணாடியின் முன்னால் நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். தழும்பு சிவந்திருந்தது, வீக்கமும் வடியவில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போதும் போதும், கண்ணாடி தேஞ்சிடப் போகுது" என்றது பின்னாலிருந்து குரல்.

டீச்சர் சட்டென்று திரும்பினாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது.

"கேலி பண்றதுக்குன்னே கூட வந்தீங்களா அண்ணி? ஒவ்வொரு தடவ குளிக்கும்போதும் கண்ண மூடிக்கிட்டுக் குளிக்கிறது எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு ஒண்ணும் தெரியாது! ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்படி இருந்து பாத்தாத்தான் தெரியும்!"

ஜட்ஜம்மா போய்க் கதவுக்குத் தாழ் போட்டாள். ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தாள்.

டீச்சர் அவசரமாகச் சட்டையை இழுத்து மூடப் போனாள்.

"மூடாதம்மா. கொஞ்சம் பாத்துக்கறேன்."

கிட்டத்தில் வந்து, குனிந்து, தையலை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஒரு விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டாள். அடுத்த குத்தல் என்னவாக இருக்கும் என்று டீச்சர் விறைத்து நின்றாள்.

நிமிர்ந்த ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கு எடுத்து ரொம்ப வருஷமாச்சு… இனிமே பண்ணுவாங்களா?"