நனையக் கூடாத துரை

அந்தத் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது; தூரத்திலேயே நிற்கும். கப்பலுக்குப் போகும் துரைமாரைப் படகோட்டிகள்தான் தோளில் ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, கால் நனையாமல் படகில் இறக்கிவிட வேண்டும். அன்று கும்பெனியின் கிடங்குத் துரை சீமைக்குத் திரும்புகிற நாள். அவனைத் தூக்கும் முறை வேறொரு படகோட்டியுடையது. அஞ்சாப்புலி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"தூ, ரோசங்கெட்டவனே!" என்று படகிலிருந்து காறித் துப்பினான் வேலாண்டி. "ஒரு துணிக்கட்டு நனைஞ்சதுக்கு உன் தம்பிய அடிச்சே கொன்னவன்டா அவன். நாளைக்கு அவனுக்குப் பல்லக்கும் தூக்குவியா?"

அஞ்சாப்புலி குனிந்து தோளைக் கொடுத்தான். துரை அவன் தோளில் ஏறி, தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

மூன்று பெரிய அலைகளை நின்று கழித்துவிட்டு, கடல் சற்று அடங்கியதும் நடப்பதுதான் படகோட்டிகளின் வழக்கம். அஞ்சாப்புலி முதல் அலைக்கு நின்றான். இரண்டாவதற்கும் நின்றான். மூன்றாவது ஆளுயரத்துக்கு மேல் எழும்பி வந்தபோது, நிற்காமல் அதை நோக்கி நடந்தான்.

"நில்லு! நில்லுடா!" துரையின் முழங்கால்கள் அவன் காதுகளை நெரித்தன.

"கம்பத்துல கட்டி வச்சப்ப என் தம்பியும் இப்படித்தானே கத்தினான், 'துணிதானே தொரை, வெயில்ல போட்டா காஞ்சிடும்'னு! நீங்க அடிய எண்ணிக்கிட்டே இருந்தீங்க."

வேலாண்டி படகில் எழுந்து நின்றுவிட்டான். அஞ்சாப்புலி துரையை உதறிவிடவில்லை. அவன் கணுக்கால்கள் இரண்டையும் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நுழைந்தான்.