புகைப்பெட்டி

மயில்சாமிக்குக் கழுத்து வலி. மூன்று நாளாய்ப் பின்கழுத்தில் ஆணி அறைந்த மாதிரி. நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே நிற்கிறது, குனிய மாட்டேன் என்கிறது. முதலாளிக்கு முன்னால் கைகட்டி நிற்பவனுக்கு இதைவிட மோசமான வியாதி வரக்கூடாது.

"திமிரைப் பாருங்க மொதலாளி. செய்யறதையும் செஞ்சுபோட்டு, தலை குனியுதான்னு" என்றார் மேனேஜர் அருள்செல்வன்.

அருள்புரத்து பனியன் கம்பெனி அது. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் போட்டு ஓட்டுகிற இடம். சொந்தபந்தத்தில் யாராவது செத்தால்கூட அரை நாள் லீவு கிடைக்காது. ஓர் எலக்ட்ரீசியனை அவமானப்படுத்த மட்டும் இருநூறு மிஷினையும் கால்மணி நேரம் நிறுத்தி வைக்க முடிந்தது.

நடந்தது இதுதான். காலையில் மேனேஜரின் ஏ.சி. அறையில் புகை அலாரம் அலறியிருக்கிறது. அவர் ஓடிவந்து பார்த்தபோது ஆளில்லை. லேசான இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே போனவர், ஜெனரேட்டர் ரூமில் மயில்சாமியையும் அவன் கையிலிருந்த பெட்டியையும் பிடித்துவிட்டார்.

"என் ரூமுக்குள்ளயே ஊதிட்டுப் போயிருக்கானுங்க. நல்லவேளை, அலாரம் காட்டிக் குடுத்துருச்சு. நாப்பத்திரண்டும் நானே நின்னு பாத்து வாங்கிப் போட்டதாச்சே. சரக்கு அப்படி."

முதலாளி நஜீமுதீன் தலையாட்டினார். பொங்கலுக்கு முன்னால் அந்த நாற்பத்திரண்டுக்கும் செக்கில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

பெட்டி கைக்கு அடக்கமாக இருந்தது. அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் டப்பா, பழைய சார்ஜ் ஸ்கூட்டரின் பேட்டரியிலிருந்து கழற்றிய செல், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு திருகு. அருள்செல்வன் அதைத் திருகிக் காட்டினார்.

"லைட்டு, மீடியம், ஸ்ட்ராங்கு. டீக்கடை வெச்சிருக்கறாப்பல."

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சொன்னால் சிரிப்பதும் அங்கே வேலையில் சேர்த்திதான்.

இ-சிகரெட்டைக் கடையில் வாங்கினாலே குற்றம், இவன் சொந்தமாகவே செய்திருக்கிறான் என்றார் மேனேஜர். இந்த பேட்டரி வெடித்தால் இருநூறு குடும்பம் என்ன ஆகும் என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். பின்வாசலை மறித்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்து நாலைந்து பேர் உருக்கமாகக் கேட்டார்கள்.

"வெடிக்காதுங்க" என்றான் மயில்சாமி. "சார்ட் ஆனா கட்டாயிருமுங்க. சூடேறுனாலும் தானா நின்னுருமுங்க. அதுக்குன்னே தனியா ஒரு போர்டு வெச்சிருக்கறனுங்க."

வேலை போகப்போகிறது, அது அவனுக்குத் தெரியும். பெட்டியைக் குறை சொன்னதுதான் பொறுக்கவில்லை.

மூன்று நாளாய்ச் சாப்பாட்டு நேரத்தில் இவனைக் கேன்டீனில் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார் மேனேஜர். ஒருவரும் இல்லை. சோற்றையும் மறந்து ஊதியிருக்கிறான் என்று அவரே முடிவும் சொன்னார்.

செக்கிங் டேபிள் பூவாத்தாள் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புனல் மாதிரி விரிந்திருந்தது.

"வாய் வெக்கற எடத்த இத்தாச்சோடு அகலமா வெச்சிருக்கறானே. இதுல எருமைதான் ஊதோணும்."

இந்தச் சிரிப்பில் முதலாளியும் சேர்ந்துகொண்டார்.

எவ்வளவு ஆபத்தான சாமான் என்று எல்லாரும் கண்ணால் பார்க்கட்டும் என்று மேனேஜரே திருகைக் கடைசிவரை திருகிப் பொத்தானை அழுத்தினார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. நேரே மேலே போய், கூரையில் சிவப்புப் பொட்டோடு மின்னிக்கொண்டிருந்த வெள்ளைக் கிண்ணத்தை மூடிக்கொண்டது. மேனேஜர் இருமினார். அந்த இருமலைத் தவிர ஃப்ளோரில் ஒரு சத்தமில்லை.

தீர்ப்பு சொல்ல அதிக நேரமாகவில்லை. பதினோரு வருஷ வேலை இன்றோடு முடிந்தது. நாலாவது லைனில் தைக்கிற அவன் மனைவி சாரதாமணி, மிஷின் மேல் கிடந்த வெட்டுத்துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போறதுக்கு முன்னால இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று மேனேஜர் ஒரு நோட்டை நீட்டினார்.

நாளைக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். தீ பாதுகாப்பு ரிஜிஸ்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எலக்ட்ரீசியன் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆள் வேண்டாமாம், அவன் கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.

மயில்சாமி பேனாவைத் தொடவில்லை.

"போன வாரம் குடுத்த நோட்டு இது. ஒரு கையெழுத்துப் போட இத்தனை நாளாய்யா?" என்றார் முதலாளி.

மயில்சாமி கூரையைப் பார்த்தான். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு மட்டும் கழுத்து வலிக்காமல் ஒத்துழைத்தது. புகை இன்னும் கலையவில்லை. சிவப்புப் பொட்டு சமர்த்தாக மின்னிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொண்ணுலயா புகை காட்டிப் பாத்துட்டுப் போடலாம்னு இருந்தனுங்க" என்றான். பிறகு மேனேஜர் பக்கம் உடம்போடு திரும்பினான்.

"உங்க ரூமுல இருக்கறது ஒண்ணுதானுங்க அடிக்குது. இன்னும் நாப்பத்தொரு அலாரம் அடிக்கப் பாக்கிங்க."