டெஸ்ட் மெயில்

"வரவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குதுண்ணே. பெட்டி ரொம்பிப் போச்சுன்னு சிவப்பு எழுத்துல வருது" என்றார் தெய்வானை ஆச்சி, கைப்பையைக் கம்ப்யூட்டர் மேசையில் வைத்தபடி.

கந்தப்பு சிரித்தார். பிரிக்பீல்ட்ஸில் அவர் இன்டர்நெட் கடை போட்டு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அரசாங்க ஆபிஸில், ஃபைல் ரூமிலேயே உட்கார்ந்து தலை நரைத்தவர். எங்காவது குப்பை குவிந்து கிடப்பதைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

"பெரிய பெரிய ஃபைல் ரூமையெல்லாம் ஒதுக்கி வெச்சவன் ஆச்சி நான். இது தீப்பெட்டி. உட்காருங்க லா."

ஆச்சிக்கு உட்காரவும் மனசு இல்லை. அவர் கணவர் செட்டியார் காரைக்குடியில் தம் அக்கா வீட்டில் இருந்தார். அக்காவின் கொழுந்தன் மகனுக்குத் தங்கள் மகள் ராஜேஸ்வரியைக் கொடுப்பதாகப் பேச்சு. அன்று சாயங்காலமே தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. பினாங்கில் படித்துக்கொண்டிருந்த ராஜேஸ்வரியோ, இந்த இடம் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதுவிட்டாள்.

போனில் சொல்லலாம் என்றால், அக்கா வீட்டில் போன் நடுக்கூடத்தில் இருந்தது. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டுக் காதுகள். முதல் நாள் கடைத்தெரு பூத்திலிருந்து செட்டியார் கூப்பிட்டதில் பாதி இரைச்சல்தான் கேட்டது. உன் முடிவை மெயிலில் எழுது, நாளைக்கு நாலு மணிக்கு பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்க்கிறேன், எதுவும் வரவில்லை என்றால் உனக்குச் சம்மதம் என்று வைத்துக்கொள்வேன் என்றார். அதோடு லைன் அறுந்துவிட்டது.

அங்கே நாலு மணி என்றால் இங்கே ஆறரை. ஆச்சி சொன்னதைக் கேட்டதும் கந்தப்பு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளே கிடந்தது கொஞ்சநஞ்சமில்லை. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்று மிரட்டிய மெயில்கள், யாரென்றே தெரியாதவர் அனுப்பிய ஜோக்குகள், கிள்ளானில் இருக்கும் நாத்தனார் பேரன் குப்புற விழுந்த படம், தவழ்ந்த படம், எழுந்து நின்ற படம். எல்லாவற்றையும் களை பிடுங்குவதுபோல் பிடுங்கினார். சாமி படம் வந்தபோது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தார்.

கடைசியில் செட்டியாரின் மெயில்கள் மிஞ்சின. ரங்கூன், சைகோன் என்று வியாபாரத்துக்கு அலைகிற மனுஷர், போன இடத்திலிருந்தெல்லாம் எழுதியிருந்தார். கந்தப்பு அவற்றை ஆபிஸ் வழக்கப்படி அச்சடித்து, ஓட்டை போட்டு, கயிறு கோத்து, அட்டையின்மேல் 'திரு. மீனாட்சிசுந்தரம்' என்று குண்டு எழுத்தில் எழுதினார். பிறகு திரையில் இருந்ததை அழிக்கப் போனார்.

"அண்ணே, அதுல ஒண்ணே ஒண்ணை விட்டுடுங்க. அடியில இருக்கே, முத மெயிலு."

திறந்து பார்த்தார். 'டெஸ்ட், ஒன் டூ த்ரீ.' அவ்வளவுதான் இருந்தது.

"இதென்ன ஆச்சி, காதல் கடிதமா? பத்திரப்படுத்தச் சொல்றீங்க."

ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கட்டுமே என்று முனகினார்.

"பேப்பருக்கு வந்தாச்சுன்னா மெஷின்ல இருக்கக் கூடாது. அதான் சிஸ்டம்" என்று கந்தப்பு தட்டியே விட்டார். குப்பைத் தொட்டியையும் சேர்த்துக் காலி செய்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் பெட்டி பளிச்சென்று இருந்தது. "இனிமே நீங்க தாராளமா எழுதலாம்" என்று நாற்காலியை ஆச்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, எதிர்க் கடைக்கு தே தாரே டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது ஆச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கந்தப்பு பக்கத்து மேசைகளைத் துடைத்தார். ஒரு பையனிடம் காசு வாங்கிப் போட்டார். மறுபடி பார்த்தால் ஆச்சி அதே நிலையில்தான் இருந்தார். மணி ஆறே காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கந்தப்புவுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் கணவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். இன்றைக்கு எதிர்த்து ஒரு வரி எழுது என்றால் கை வருமா?

"பயப்படாம எழுதுங்க ஆச்சி. வீட்டுக்காரர் கோபம் நாலு நாள்ல தீர்ந்துடும். பிள்ளை வாழ்க்கை அப்படியில்ல லா."

ஆச்சி சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். கந்தப்பு பொறுக்க முடியாமல் குனிந்து திரையைப் பார்த்தார்.

கடிதம் எப்போதோ முடிந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, பிசிறில்லாமல் இருந்தது. 'இந்த இடம் வேண்டாம். உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? உங்க அக்கா பேச்சைக் கேட்டுத் தட்டுல கை வெச்சீங்க, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்.'

கந்தப்பு வாயைப் பிளந்தார். "இவ்வளவு எழுதிட்டீங்களே ஆச்சி! பிறகென்ன, மேலே அட்ரஸைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

மேலே இருந்த கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டு, ஃபைல் அட்டையில் கந்தப்பு குண்டு எழுத்தில் எழுதியிருந்த பெயரின்மேல் விரலை வைத்தார்.

"அந்த டெஸ்ட் மெயிலைத் திறந்து ரிப்ளையைத் தட்டுனா அட்ரஸ் தானா வந்து நின்னுக்குமுண்ணே. கட்டினவுக பேரை நான் எப்படி என் கையால அடிக்கிறது?"