எட்டும் தப்பு

"எனக்கு அந்த டீச்சர் மேலதான் சந்தேகம்! குலுக்கல் சீட்டு வாங்கலைங்கிற கோபத்தைப் புள்ள மேல காட்டுறா."

சுனில்தா குளிர்ந்த தெரேரே மூலிகைப் பானம் ஊற்றிய கொம்புக் குவளையைக் கணவனிடம் நீட்டினாள். மாமர நிழலிலும் காசாபா ஊரின் வெயில் விடவில்லை.

தெர்லிஸ் பள்ளியிலிருந்து வந்த காகிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தான். 'அராசெலிக்கு நிறங்கள் தெரியவில்லை. மூன்றுக்கு மேல் எண்ண வரவில்லை. கற்றல் குறைபாடு இருக்கலாம். ஒன்றாம் வகுப்புக்கு முன் நிபுணரிடம் காட்டவும்.'

"நம்ம பதினேழு கோழியையும் எண்ணுவாளே! மூணு மாசத்துல எப்படி மறந்துபோகும்?"

"உங்க அக்கா ஜூலை லீவுக்கு வந்தாளே, அப்பலேர்ந்துதான் இப்படி. 'என்ன அறிவு, என்ன அறிவு'ன்னு கன்னத்தைக் கிள்ளினா. அவ கண்ணுதான் பட்டிருக்கு."

"டீச்சரை விட்டுட்டு இப்ப எங்க அக்காவா? அடுத்து சேவல் மேல சந்தேகப்படுவியா?"

இருவரும் குவாரனியில்தான் பேசிக்கொண்டார்கள். சண்டையும் ரகசியமும் அவர்களுக்கு அந்த மொழியில்தான். பள்ளியில் தாங்கள் பட்ட கேலி மகளுக்கு வேண்டாமென்று, அவளிடம் மட்டும் பிறந்த நாள் முதல் ஸ்பானிய மொழியில் பேசினார்கள். ஐந்து வயது அராசெலி மேசைக்கடியில் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வகுப்பு ஜன்னலோரம் ஒளிஞ்சு நின்னு பார்த்தேன்" என்றாள் சுனில்தா. "டீச்சர் எட்டு வண்ண அட்டை காட்டினா. எட்டும் தப்பு."

"எட்டுமா? கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாக்கூட ஒண்ணாவது சரியா வந்திருக்குமே!"

இருவரும் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்கள். தெர்லிஸ் ஸ்பானிய மொழிக்கு மாறினான்.

"கண்ணு, அதோ அந்தக் கோழி என்ன நிறம்?"

அராசெலி சிவப்புக் கோழியை நன்றாகப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"பச்சை."

சுனில்தாவின் சந்தேகமெல்லாம் ஒரே நொடியில் பயமாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குவாரனியில் சொன்னாள்:

"உங்க அக்காவுக்குப் போனைப் போடுய்யா. இவ அறிவுக்கு அசுன்சியோன் பட்டணத்துல தன்கூட வச்சிக்கிட்டுப் பெரிய ஸ்கூல்ல சேர்க்கிறேன்னாளே, அது வேணாம்னு சொல்லிடு."

"பிப்ரவரில அனுப்புறோம்னு வாக்குக் கொடுத்துட்டோமே..."

"கொடுத்தா என்ன? இந்த நிலைமையில புள்ளையை என்னால பிரிஞ்சிருக்க முடியாது. படிப்பு வருதோ வரலையோ, என் பக்கத்துலயே கிடக்கட்டும். நல்லவேளை, புள்ளகிட்ட இன்னும் சொல்லலை."

தெர்லிஸ் பெருமூச்சு விட்டான். "சரி. அனுப்பலை."

மேசைக்கடியில் சீப்பு விழுந்த சத்தம் கேட்டது. அராசெலி தவழ்ந்து வெளியே வந்து அம்மாவின் மடியில் ஏறி, கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு, பிசிறே இல்லாத குவாரனியில் கேட்டாள்:

"நிஜமாவாம்மா? அப்போ நாளைலேர்ந்து நிறமெல்லாம் சரியாவே சொல்லிடட்டுமா?"