மன்னார்: ஒன்று

“ஆறு மணிக்கு எழும்புவார், மிஸ். முகம் கழுவுவார். வாசலைக் கூட்டுவார். பாண் வாங்கி வந்து பாதியைத் தின்பார். மிச்சத்தைப் படலையடியில நிக்கிற கழுதைக்குக் குடுப்பார். பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிடுவார். கையெழுத்து மட்டும் வைக்கமாட்டார்.”

வானிலை அறிக்கை வாசிப்பதுபோல யசோதரன் இதைச் சொன்னான். அரசாங்க ஊழியர்களின் ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் பிரிவுக்கு மன்னார்க் கந்தோரில் அவன்தான் பொறுப்பு. எதிரே நஸ்லியா இருந்தாள். தலைமைக் கந்தோரின் புது உதவிப் பணிப்பாளர். இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்து இறங்கியவள்.

பழைய கணினி முறையை மூடினால்தான் புதியது திறக்கும். பழையதில் ஒரு கோரிக்கையாவது முடியாமல் கிடந்தால் அதை மூட முடியாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தது. ஏன் அப்படி எழுதினார் என்பது எழுதியவருக்கே ஞாபகமில்லை.

திறப்பு விழா மூன்று தரம் நடந்துவிட்டது. மூன்று தரமும் குத்துவிளக்கு ஏற்றி, பாற்சோறு பரிமாறி, பட்டனை அமுக்கினார்கள். மூன்று தரமும் பெரிய திரையில் விழுந்தது: ‘முடியாத கோரிக்கைகள் – மன்னார்: ஒன்று.’

“அந்த ஒன்றுக்காக கொழும்பில ஒரு மாடி முழுக்கப் பழைய மெஷினுக்கு ஏசி ஓடுது” என்றாள் நஸ்லியா. “வாசல்ல ரெண்டு செக்கியூரிட்டி வேற. நாடு முழுக்க நோயாளிகள் காத்துக்கொண்டிருக்கிறாங்க. இண்டைக்குக் கையெழுத்து இல்லாம நான் திரும்பிப் போக ஏலாது. யார் இந்த மனுஷன்?”

பழைய முறையில் ஆளுக்குப் பெயர் கிடையாது. இலக்கம்தான்.

“தன்ர மனுசியின்ர வைத்தியச் செலவுக்குக் காசு கேட்டவர், மிஸ். மனுசி மோசம் போயிற்றா. ‘கோரிக்கை தீர்ந்தது’ எண்டு அவர் ஒப்பம் வைக்கவேணும்.”

“வைச்சா அவருக்கு என்ன நட்டம்?”

“செத்த ஆக்களைப் புது முறைக்கு எடுக்கிறேல்ல. பழசோட போயிடுவினம். இப்ப மெஷினில அவ ‘சிகிச்சையில்’ எண்டுதான் கிடக்கிறா.”

“மவுத்தாகிட்டா எண்டு சொன்னீங்களே?”

“அவருக்கும் தெரியும், மிஸ்.”

நஸ்லியா கைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். “எழுதத் தெரியாட்டி கைநாட்டு வாங்கலாம்.”

“பட்டதாரி.”

“அப்ப பைத்தியம்.”

“பைத்தியம் இல்லையெண்டு டொக்டர் சொன்னவர்.”

“நினைவூட்டல் கடிதம் அனுப்பினீங்களா?”

“மாதாமாதம். நானே எழுதி, நானே கொண்டுபோய்க் குடுத்தனான். பதிலும் தந்தவர்.”

“என்ன பதில்?”

“‘பரிசீலனையில் உள்ளது.’”

தேத்தண்ணி கொண்டுவந்த சாஹுல் ஹமீட் கோப்பையை வைத்துவிட்டு நின்றார். கந்தோரில் மூத்த ஊழியர் அவர். “ஆள் ஒருத்தருக்கும் தொல்லை இல்லாத ஆள், மிஸ்” என்றார், யன்னலைப் பார்த்தபடி.

“நாட்டையே நிப்பாட்டி வச்சிருக்கிறவர் தொல்லை இல்லாத ஆளா, ஹமீட் நானா?”

சாஹுல் ஹமீட் வெற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார்.

“உங்களுக்கு அவர் சொந்தமா?” நஸ்லியா யசோதரனைக் கூர்ந்து பார்த்தாள்.

“பழக்கம், மிஸ்.”

“முகத்துக்கு நேரே கொஞ்சம் கடுமையாச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனான். ஷேவ் எடுத்துக்கொண்டு நிண்டவர். கேட்டுக்கொண்டுதான் இருந்தவர்.”

நஸ்லியா எழுந்தாள். “எழும்புங்க, போவம். நான் பேசுறேன். கதவு திறப்பாரா?”

“நான் போனால் திறக்கும்.”

வீடு நடந்துபோகும் தூரம்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனதுக்குள் ஒழுங்குபடுத்தினாள் நஸ்லியா. முதலில் அனுதாபம். பிறகு நாட்டு நலன். அதற்கும் மசியாவிட்டால் சட்டம்.

படலையடியில் கழுதை நின்றது. அவள் ஒதுங்கினாள். அது அவளைச் சட்டை செய்யவேயில்லை. நேரே வந்து யசோதரனின் சேட்டுப் பையை மோந்தது.

“காலமை தந்ததுதானே” என்றான் அவன், அதன் நெற்றியைத் தள்ளி.

பிறகு காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து, கதவைத் திறந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

“வாங்கோ மிஸ், இருங்கோ. ஆள் வந்திட்டார்.”

நஸ்லியா இருந்தாள். மைப்பெட்டி கையிலேயே இருந்தது. 

“ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில, கட்டிலடியில நிக்கேக்க, புது முறைக்கு மாத்திற வேலை கிடக்கு, உடனே வா எண்டு கந்தோரால போன் கோல் வந்தது, மிஸ். போறதோ விடுறதோ எண்டு நிண்டனான். என்ர மனுசி சுபத்திராதான் சொன்னா: ‘அந்த வேலையை முழுக்க முடிச்சுப்போட்டு ஆறுதலா வாங்கோ. அது முடியுமட்டும் நான் ஒரு இடமும் போகமாட்டன்.’”