மூன்றாவது ஓட்டை

“ஷாக்காவது, மண்ணாங்கட்டியாவது! என் வீட்டுக் குழாயில கரண்ட் வருதுன்னு ஊர் பூரா டமாரம் அடிக்காதீங்க!”

குளியலறை வாசலில் நின்று வீட்டு ஓனர் குதித்தார். வாடகைக்கு இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கீழ்வீட்டுக் கணவன் அந்தக் கட்சியில் எப்போதோ சேர்ந்துவிட்டான். மனைவி சேரவில்லை.

“நேத்து பாப்பா குழாயைத் தொட்டுட்டு அலறினது உங்க மாடி வரைக்கும் கேட்டிருக்குமே சார்?”

“குழந்தைங்க எதுக்குத்தான் அலறல?”

“ஹீட்டர்ல கரண்ட் கசியுது. அதை மண்ணுக்குள்ள அனுப்ப எர்த் கம்பியே இல்ல.”

“பிளக் பாயிண்ட்டுல மூணு ஓட்டை இருக்கே, கண்ணு தெரியலையா?”

“ஓட்டை இருக்கு சார். மூணாவது ஓட்டைக்குப் பின்னால கம்பி இல்ல. கழட்டிப் பார்த்துட்டேன். அது சும்மா அழகுக்கு.”

ஓனர் முகம் சிவந்தது. “வீடு கட்டினப்ப கூடவே நின்னு வயர் இழுத்தவன் நான். எனக்கே பாடமா? பிடிக்கலேன்னா காலி பண்ணுங்க!”

கணவன் குறுக்கே வந்தான். இந்த வாடகைக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்? “விடும்மா, சார்கிட்ட போய்...” என்று இழுத்தான்.

“விட மாட்டேன்!” அவள் ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். “உங்க வீடு, உங்க வயரிங். வெறுங்காலோட வந்து குழாயைப் பிடிங்க சார். ஒண்ணும் ஆகலேன்னா இன்னிக்கே காலி பண்றோம்.”

“உனக்கென்ன பைத்தியமா? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?” கணவன் பதறினான்.

“அதான் ஒண்ணும் ஆகாதுன்னு அவரே சொல்றாரே!”

ஓனர் வீறாப்பாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். ஈரத்தில் கால் வைத்தார். குழாயை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான்.

“மாடியில என் ரப்பர் செருப்பு இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு வந்து...”

“பாப்பா செருப்பு போட்டுக்கிட்டா சார் குளிச்சா?”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாளைக்கு ஆளை வரச் சொல்றேன். எர்த் போட்டுடலாம்.”

“இன்னிக்கு.”

“சரி, இன்னிக்கே!” தடதடவென்று மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

கணவன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். “அந்த மனுஷன் தொட்டிருந்தா என்னடி ஆகியிருக்கும்?”

“நாம வீட்டைக் காலி பண்ணியிருக்கணும்” என்றவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையிலேயே பிடுங்கி வைத்திருந்த ஹீட்டர் ஃபியூஸ் கட்டையை அவன் கையில் வைத்தாள்.